சுரைக்குடுக்கையை அவிழ்த்த கை

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடல் தொலைவு, கிணறோ அருகில். தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டுதான் நாமும் நீந்தப் பழகினோம். குடுக்கை நம்மை மூழ்க விடாது. ஆனால் அது இருக்கும்வரை கிணற்றின் அடியைத் தொடவும் விடாது.

சென்ற கோடையில் ஒரு தாய் தம் மகனோடு நமது இல்லத்திற்கு வந்தார். கணவரை முல்லையாற்று வெள்ளத்தில் இழந்தவர். மகனோ புதுச்சேரி சென்று, சுவாசக் கருவியோடு கடலுள் மூழ்கும் தொழிலைக் கற்க விரும்பினான்.

"சாமி, நீங்கள் சொன்னால் கேட்பான், போக வேண்டாமென்று சொல்லுங்கள்" என்றார்.

மறுத்துவிடுவது நமக்கு எளிது. நாவின் நுனிவரை வந்த சொல்லும் அதுவே. எனினும், "உன்னை நீர் விழுங்காமல் காப்பது எது? அம்மாவுக்கு விளங்கச் சொல்" என்றோம்.

அவன் சொன்னான்: "அமிழ்வதற்கு இடுப்பில் ஈயக்கட்டிகள். மிதப்பதற்குக் காற்றுச் சட்டை. ஒரு பொத்தானை அழுத்தினால் முதுகிலுள்ள உருளையிலிருந்து சட்டைக்குள் காற்று நிறையும், மற்றொன்றால் வெளியேறும். இரண்டும் சமமானால் நடுநீரில் அசையாமல் நிற்கலாம். 10 மீட்டர் ஆழத்தில் நீர்மட்டத்தைப்போல் இருமடங்கு அழுத்தம். சட்டைக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். ஆகையால் இறங்க இறங்கச் சிறிது காற்றுச் சேர்க்க வேண்டும். ஏறும்போதோ அது விரியும். வெளியேற்றாவிட்டால் மேலே தூக்கியெறியும். அப்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். ஆபத்தென்றால் ஈயத்தைக் கழற்றிவிடலாம்."

"தனியாகவா இறங்குவாய்?"

"இல்லையம்மா, துணையோடுதான்."

முத்துக்குளித்துறை நம் நினைவுக்கு வந்தது. 1542-இல் புனித சவேரியார் நாடி வந்த அம்மக்கள், கனத்த கல்லின் துணையால் ஆழம் இறங்கினர். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கல்லும் வேண்டும், கயிறும் வேண்டும். பிள்ளை வளர்ப்பும் அவ்வாறே. கண்டிப்பு மிகுந்தால் அமிழ்ந்துபோவான்; காப்பு மிகுந்தால் ஆழம் அறியான்.

"அம்மா, நம் முதுகிலிருந்த குடுக்கையை அவிழ்த்தவர் நம் தாயார்தாம். அவர் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது" என்றோம். அத்தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், மகனின் தலையில் தாமே சிலுவை அடையாளம் இட்டார்.

அவன் இப்போது கடலில். அவர் நாள்தோறும் செபமாலையோடு மாதா பீடத்தின்முன். அச்சம் நீங்கிவிடவில்லை, எனினும் கயிற்றை அவர் விட்டுவிடவுமில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் முதுகில் இன்னும் இருக்கும் குடுக்கை எது?