உப்பும் வரியும்

புத்தளத்து மக்களுக்கு உப்பைப்பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. களப்பின் ஓரமாகவும் பாலாவிப் பக்கமாகவும் பரந்து கிடக்கும் உப்பளங்களில், வெயிலும் காற்றும் மனித உழைப்பும் சேர்ந்து விளைவிக்கும் அந்த வெண்பொருளோடு இம்மண்ணின் வரலாறே பின்னிக் கிடக்கிறது. அவ்வரலாறு விளைச்சலின் வரலாறு மட்டுமன்று, வரியின் வரலாறுமாகும். வரி என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள், யாரிடமிருந்து, எதன்மீது, எந்த அளவில் அது அறவிடப்படுகிறது என்பதை அறிய விரும்பினால், உப்பிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று நாம் கருதுகிறோம்.

கற்பிட்டியில் கோட்டை கட்டிக் குடியிருந்த ஒல்லாந்தர், 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் இலங்கையின் கரையோரம் முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவந்தனர். கடலில்லாத கண்டி இராச்சியம் உப்புக்காக அவர்களை எதிர்பார்த்து நிற்கும் நிலை உண்டாயிற்று. பின்னர் வந்த ஆங்கிலேயர் உப்பை அரசின் தனியுரிமை ஆக்கினர். விளைவித்தவனிடம் குறைந்த விலைக்கு வாங்கி, உண்பவனிடம் உயர்ந்த விலைக்கு விற்றனர். இடையிலிருந்த இலாபம் அரசிறையாயிற்று. தன் வீட்டுவாசலில் இயற்கை விளைவித்த உப்பை அள்ளியவன் குற்றவாளியானான்.

உப்பின்மீது வரி விதிப்பதில் ஆட்சியாளருக்கு ஒரு வசதி உண்டு. செல்வனும் உப்பு உண்கிறான், ஏழையும் உண்கிறான். செல்வன் நூறு மடங்கு செல்வம் உடையவனாயினும் நூறு மடங்கு உப்பு உண்பதில்லை. ஆகவே உப்புவரியின் பாரம் ஏழையின் தோளிலேயே மிகுதியாக விழுகிறது. 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் தண்டிக்கும், இராஜாஜி வேதாரணியத்துக்கும் நடந்து சென்றதன் பொருளாதார உட்கருத்து இதுவே.

1848ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். அவ்வாண்டில் ஐரோப்பாவில் மார்க்சும் ஏங்கெல்சும் வெளியிட்ட கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை, வருமானம் உயர உயர வரிவீதமும் உயரும் வருமான வரியைத் தன் கோரிக்கைகளுள் ஒன்றாக முன்வைத்தது. அதே ஆண்டில் இலங்கையில் தேசாதிபதி டொரிங்டனின் அரசு தெருவரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்ய வேண்டும்; அன்றேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். தோட்ட முதலாளிக்கும் மூன்று சிலிங். கோவணத்தோடு வயலில் நின்ற குடியானவனுக்கும் மூன்று சிலிங். முன்னவனுக்கு அது கைச்செலவு. பின்னவனுக்கோ வயிற்றுக்கான செலவு. அவ்வாண்டில் மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு இத்தகைய வரிகளும் காரணமாயின.

இங்கிலாந்தில் நெப்போலியனுக்கு எதிரான போர்ச்செலவுக்காக 1799இல் வருமான வரி விதிக்கப்பட்டது. இந்தியாவில் அது 1860இல் வந்தது. இலங்கையிலோ 1932ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. சர்வசன வாக்குரிமையின்கீழ் முதலாவது அரசாங்க சபை கூடிய மறு ஆண்டிலேயே, உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. தேயிலையும் இறப்பரும் தெங்கும் கொழித்த நெடுங்காலம் முழுவதும், இந்நாட்டுச் செல்வர் தம் வருமானத்தின்மீது வரி செலுத்தாமலே வாழ்ந்தனர். ஏழையோ உப்பிலும் துணியிலும் அரிசியிலும் வரி செலுத்திக்கொண்டே இருந்தான்.

இவ்வரி இன்று எவ்வாறு இயங்குகிறது? 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வருமானத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறது: தொழிலால் பெறும் சம்பளம், வியாபாரத்தின் இலாபம், முதலீட்டின் வருவாய், ஏனையவை. ஏப்ரல் முதலாம் நாளிலிருந்து அடுத்த மார்ச் 31ஆம் நாள்வரை ஓராண்டாகக் கொண்டு இவை கூட்டப்படுகின்றன. அத்தொகையிலிருந்து ஒரு பகுதி, தனிநபர் நிவாரணம் என்ற பெயரில், வரியின்றி விடப்படுகிறது. மனிதன் உயிர்வாழத் தேவையான பங்கில் அரசு கைவைக்கலாகாது என்பதே இதன் அடிப்படை. 2025 ஏப்ரல் முதல் இந்நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. எஞ்சியதில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்த மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதம். அதற்கு மேற்பட்டதற்கு 36 வீதம்.

இங்கே படித்தவர்களிடமும் ஒரு மயக்கம் உண்டு. சம்பளம் சிறிது கூடி அடுத்த படிக்குள் நுழைந்துவிட்டால், முழுச் சம்பளத்துக்கும் உயர்ந்த வீதத்தில் வரி விழும் என்று அஞ்சுகிறார்கள். உப்பளத்துப் பாத்திகளை மனத்தில் வரைந்தால் இம்மயக்கம் தீரும். அடுத்தடுத்து வெட்டிய பாத்திகளுள் முதலாவது நிறைந்த பின்னரே நீர் இரண்டாவதற்குள் வழிகிறது. இரண்டாம் பாத்திக்கு நீர் போவதால் முதலாம் பாத்தியின் நீர் மாறிவிடுவதில்லை. முதலாவது பாத்தி வரியற்றது. அடுத்ததில் விழுந்ததற்கு 6 வீதம் மட்டுமே. மேற்படியின் வீதம், மேற்படிக்கு வழிந்த பணத்துக்கு மட்டும் உரியது.

மாதம் 2 இலட்சம் ரூபா பெறுபவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24 இலட்சம். நிவாரணம் போக 6 இலட்சம். அதற்கு 6 வீதம் 36,000 ரூபா. மாதத்துக்கு 3,000 ரூபா. அவருடைய மொத்த வருமானத்தில் இது ஒன்றரை வீதம். மாதம் 3 இலட்சம் பெறுபவருக்கோ நிவாரணம் போக 18 இலட்சம் எஞ்சும். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, அடுத்த 5 இலட்சத்துக்கு 90,000, மீதி 3 இலட்சத்துக்கு 72,000. ஆக 2,22,000 ரூபா. வருமானம் ஒன்றரை மடங்காக, வரி ஆறு மடங்குக்கு மேலாகிறது. தாங்கக் கூடியவன் கூடுதலாகத் தாங்கட்டும் என்னும் நீதி இவ்வாறு கணக்காக மாறுகிறது.

அறவிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. சம்பளக்காரனின் வரியை முதலாளியே மாதந்தோறும் கழித்து அரசுக்குச் செலுத்துகிறார். வங்கி வட்டியில் 10 வீதம் வங்கியிலேயே நிறுத்திவைக்கப்படுகிறது. வியாபாரியும் தனித்தொழில் புரிவோரும் தம் வருமானத்தைத் தாமே மதிப்பிட்டு, நான்கு தவணைகளில் கட்டி, நவம்பர் 30ஆம் நாளுக்கு முன் விபரத்திரட்டுச் சமர்ப்பிக்க வேண்டும். ஆசிரியர் தம் சம்பளத்தை மறைக்க இயலாது. அது கைக்கு வருமுன்பே கணக்கில் ஏறிவிடுகிறது. இறால் ஏற்றுமதியின் இலாபத்தையும், கட்டணம் வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடாத தொழில்களின் வருவாயையும் மறைக்க வழிகள் பல உள. சட்டம் ஒன்றாயினும் அதன் கண் எல்லோரையும் ஒருபடித்தாகப் பார்ப்பதில்லை.

உப்பளமொன்றில் உப்பு வாரிக்கொண்டிருந்த தாயொருவரோடு இதுபற்றிப் பேச நமக்கு ஒருமுறை வாய்த்தது. “எங்களுக்கென்ன வரி தம்பி? அது சம்பளம் எடுக்கிற ஆக்களுக்குத்தானே!” என்று சிரித்தார் அவர். அச்சிரிப்பில் கள்ளமில்லை. அவருக்கு எவரும் வரிக் கடிதம் அனுப்பியதில்லை. ஆயினும் 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். அவர் 118 ரூபா கொடுத்து வாங்கும் சவர்க்காரத்தில் 18 ரூபா வரி. அரிசி, காய்கறி முதலியவற்றுக்கு விலக்கு உண்டெனினும், தொலைபேசிக்குப் போடும் பணமும் பிள்ளையின் சப்பாத்தும் விலக்குப் பெறவில்லை. அவர் மாதம் 40,000 ரூபா உழைத்து, வரிக்குரிய பொருள்களில் 11,800 ரூபா செலவிட்டால், 1,800 ரூபா வரி செலுத்தியிருப்பார். அது அவர் வருமானத்தில் நாலரை வீதம். இரண்டு இலட்சம் பெறுபவரும் கடையில் இவ்வரியைச் செலுத்துகிறார்தான். ஆனால் அவர் அலறும் வருமான வரி ஒன்றரை வீதமே. உப்பளத்துத் தாயின் வரிக்குப் பெயருமில்லை, பற்றுச்சீட்டுமில்லை, எதிர்ப்புமில்லை. நெடுங்காலமாக நம் நாட்டு வரி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இத்தகைய மறைமுக வரிகளிலிருந்தே வந்தது. அண்மைக்காலத்தில் நேர்வரியின் பங்கு ஓரளவு உயர்ந்தபோதும், பெரும்பங்கு இன்னும் மறைமுக வரியே.

நேர்வரியைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் நம் தலைமுறை கண்ணாரக் கண்டுவிட்டது. 2019 திசம்பரில் அறிவிக்கப்பட்ட வரிக்குறைப்பினால் தனிநபர் நிவாரணம் 5 இலட்சத்திலிருந்து 30 இலட்சத்துக்கு உயர்ந்தது. சம்பளத்தில் வரி கழிக்கும் கட்டாய முறையும் நீக்கப்பட்டது. வசதியுள்ளோர் மகிழ்ந்தனர். அரசின் வருவாய் சரிந்தது. பெருந்தொற்றும் வந்து சேர்ந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. விலை கொடுத்தது யார்? அவ்வாண்டு ஆகத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கற்பிட்டியிலும் உடப்பிலும் படகுகள் கரையில் கிடந்தன. மேலே விடப்பட்ட வரி, கீழே எண்ணெய் விலையாக இறங்கியது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அளித்த பெரும்பான்மைத் தீர்ப்பு, அக்காலத்து ஆட்சித் தலைவர்களும் உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று கூறியதை நாம் மறக்கலாகாது.

2023இல் நிவாரணம் 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டு உச்சவீதம் 36 ஆனபோது, பல்கலைக்கழக ஆசிரியரும் வைத்தியரும் வங்கி ஊழியரும் வேலைநிறுத்தம் செய்தனர். விலைவாசி பொங்கி, சம்பளத்தின் பெறுமதி கரைந்திருந்த வேளையில் அவ்வெதிர்ப்பில் நியாயம் இருந்தது. 2025இல் நிவாரணம் உயர்ந்ததும் போராட்டத்தின் பயனற்றதென்று சொல்ல முடியாது. ஆயினும் முற்போக்காளரான நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். “வருமான வரி வேண்டாம்” என்பது நம் கோஷமன்று. அது 1932க்கு முன்பிருந்த செல்வரின் கோஷம். அரச ஊழியரின் சம்பளம் பல ஆண்டுகளாக வருமான வரிக்குப் புறம்பாய் இருந்து, 2011இலேயே அதற்குள் வந்தது. அவ்வாண்டுகளிலும் உப்பளத்துத் தாய் கடையில் வரி செலுத்தியே வந்தார். 1945இல் பிறந்த இலவசக் கல்வியில் படித்து ஆளானவர்கள் நாம். நம் கல்விக்குப் பணம் கொடுத்தவர்களுள் அவருடைய தாயும் ஒருத்தி.

நாம் கோர வேண்டியது வேறு. பேராசிரியர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனைப்படி 1959இல் இந்நாடு சொத்துவரி, நன்கொடைவரி, செலவுவரி ஆகியவற்றைச் சட்டமாக்கியது. இன்று அவற்றுள் ஒன்றும் வழக்கில் இல்லை. செல்வத்தின் குவியலைத் தொடாமல், சம்பளத்தையும் சவர்க்காரத்தையும் மட்டும் தொடும் வரிமுறை நீதியானதா? பற்றுச்சீட்டுக் கொடாத வருமானத்தை எப்போது கணக்கில் ஏற்றுவது? இக்கேள்விகளை ஆசிரியர் சங்கங்கள் தம் தீர்மானங்களில் எழுப்ப வேண்டும். வகுப்பறையில் வீதக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, கற்பனை வியாபாரியின் இலாப நட்டத்தோடு நின்றுவிடாது, ஒரு கடைப் பற்றுச்சீட்டையும் ஒரு சம்பளச் சீட்டையும் மாணவர் முன் விரித்து வைப்போமாக. தம் வீட்டார் எவ்வளவு வரி செலுத்துகின்றனர் என்பதைப் பிள்ளைகள் தாமே கணக்கிட்டு அறியட்டும். வரி செலுத்துகிறோம் என்பதை அறிந்த மக்களே, அப்பணம் எங்கே போயிற்று என்று கேட்கும் துணிவைப் பெறுவர்.