லீத் தெருவின் நீலம்

எங்கள் பட்டர்வொர்த் வீட்டுக்குத் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சாந்துச் சுவர். தீபாவளிக்கு வெளியே என்ன சாயம் அடிப்பது? எனக்குச் சாம்பல் நிறம் பிடிக்கும். அம்மாவுக்கு அப்பா அடித்த நீலம்தான் வேண்டும்.

முடிவாகாமலேயே ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் போனோம். லீத் தெருவில் சியோங் ஃபாட் ட்சே மாளிகை. சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசிய சுவர்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் சாயம் உள்ளேயே அடைத்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் நான் அடித்த சாயம் ஏன் கொப்பளித்து உரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்கப்பா சுண்ணாம்பு வாளியில துணி நீலத்தைக் கரைப்பாரே, அது இதைவிடக் கொஞ்சம் வெளுப்புய்யா.”

அந்த வெளுப்பு நீலமே முடிவாயிற்று. சுண்ணாம்பு ஒட்ட வேண்டுமே; நான் அடித்ததை இப்போது நானே சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.