செருப்பு விடும் இடத்தில் நின்று பார்த்தால்

எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமியைவிட வந்திருக்கும் ஜனங்களைப் பார்ப்பதில்தான் எனக்கு நாட்டம். வீட்டில் இதற்காகத் திட்டு வாங்குவேன். ஆனால் செருப்பு விடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் தெரிகிற சங்கதி தல புராணத்தில் கிடைக்காது.

நாமக்கல் ஆஞ்சநேயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் பதினெட்டு அடி உயரத்தில் கைகூப்பி நிற்கிறார். எதிரே மலைக் குடைவரையில் நரசிம்மர். தொல்லியல் ஆர்வலர்கள் குடைவரையைத் தேடி வருவார்கள்; உள்ளூர்க்காரர்களுக்கு எல்லாம் அனுமார்தான். லாரிக்குப் பாடி கட்டும் ஊர் என்பதால், பெயிண்ட் வாசனை போகாத வண்டிக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு முதல் லோடுக்குக் கிளம்புவார்கள். "நேஷனல் பர்மிட்டுங்கண்ணா, நேரா நாக்பூர்" என்றார் ஒரு டிரைவர். உள்ளே போய் அவர் நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அனுமன் ஜெயந்தியன்று 1,00,008 வடையில் மாலை சாத்தும்போது வருகிற கூட்டம் வேறு. சாதாரண நாளில் அவசரமாக வந்து அவசரமாகப் போகிற இந்தக் கூட்டம் வேறு. பிப்ரவரி, மார்ச்சில் ஹால் டிக்கெட்டோடு பிள்ளைகள் வந்துவிடுவார்கள். தனியார் பள்ளிகளுக்குப் பேர்போன ஊராயிற்றே! அப்போது பிள்ளைகளைவிடப் பெற்றோர் முகத்தில்தான் பயம்.

சேலத்துக்கு வந்தால் ஆடி மாதம் முழுக்க அம்மன் ராஜ்யம். கோட்டை மாரியம்மனுக்கு உருளுதண்டம், பொங்கல், மாவிளக்கு. குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை. தினமும் பார்க்கிற ஆள் அன்று ராத்திரி சிவனாகவோ முருகனாகவோ வேஷம் கட்டி, அலங்கரித்த வண்டிமேல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். வேடிக்கை பார்க்க சாதி, மதம் பாராமல் ஊரே தெருவில் நிற்கும்.

அதே கோட்டைப் பகுதியில், திருமணிமுத்தாற்றங்கரையில் ஜாமியா மசூதி. திப்பு சுல்தான் தொழுத இடம் என்பார்கள். மஃரிப் தொழுகை முடிகிற நேரம் பள்ளிவாசல்களின் வாசலைக் கவனித்திருக்கிறீர்களா? இடுப்பில் குழந்தையோடு பெண்கள் நிற்பார்கள். பாதிப் பேர் நெற்றியில் பொட்டு, சிலர் கையில் தண்ணீர் பாட்டில். "ராத்திரியெல்லாம் தூக்கத்துல வீறிடுதுங்க பாய், ஓதி விடுங்க." தொழுதுவிட்டு வெளியே வருகிறவர் பேர்கூடக் கேட்க மாட்டார், முணுமுணுவென்று ஓதி, குழந்தை முகத்தில் ஊதிவிட்டு அடுத்த குழந்தையிடம் போவார். குழந்தை முதலில் திகைத்து, அப்புறம் சிரிக்கும். நான்கு ரோடு குழந்தை இயேசு பேராலயத்திலும் மெழுகுவத்தி ஏற்றுகிற கைகள் எல்லாம் ஞானஸ்நானம் வாங்கிய கைகள் அல்ல.

கோட்டை ரோட்டில் ஒரு கோயில் இன்னும் வேடிக்கை. தலைவெட்டி முனியப்பன் என்று தலைமுறைகளாகக் கும்பிட்ட சிலை புத்தருடையது என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தியானத்தில் அமர்ந்த கோலம், சுருள்முடி, நீண்ட காது என்று தொல்லியல் துறை சான்று காட்டியது. துறை பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம், ஜனங்கள் பார்க்கலாம், பூசை கூடாது என்பது தீர்ப்பு. நேர்ந்துகொண்டு வந்த ஜனங்களுக்கு அவர் முனியப்பனாக இருந்தது பொய்யில்லை. அதற்கு முன்பு அங்கே வேறொரு கூட்டம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி மதச் சுவரை ஜனங்கள் சர்வ சாதாரணமாகத் தாண்டிப் போவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு முடித்துவிடலாம்தான். முடியவில்லை. 2023 ஜனவரியில் சேலத்தை அடுத்த திருமலைகிரியில், ஊர் மாரியம்மன் கோயிலுக்குள் போனதற்காகப் பட்டியலினத்து இளைஞர் ஒருவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, அன்றைய ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர் வாய்க்கு வந்தபடி திட்டிய காணொளி நாடெல்லாம் ஓடியது. கட்சி அவரை இடைநீக்கம் செய்தது, போலீஸ் கைது செய்தது. மறு வருஷம் மே மாதம் தீவட்டிப்பட்டியில், மாரியம்மன் திருவிழாவில் தாங்களும் கும்பிட வேண்டும் என்று பட்டியலினத்தார் கேட்டதில் கிளம்பிய தகராறு கடைகள் எரிவது வரை போனது. ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல்.

அசலூர்ப் பள்ளிவாசலில் பேர் கேட்காமல் ஓதிவிடுகிறார்கள். சொந்த ஊர் அம்மனிடம் போக எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். பெரிய கோயில்களில் இந்தக் கேள்வி கூட்டத்தில் அமுங்கிவிடும். ஊர்க் கோயிலில் அப்படியில்லை, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அங்கே தடுப்பதற்குக் கதவுகூட வேண்டாம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும்போது சில தெருக்களை விட்டுவிட்டால் போதும். வரி கொடுக்காதவனுக்கு முறை கிடையாது, முறை இல்லாதவனுக்குத் திருநீறு கிடையாது. வரி கொடுக்கத் தயார் என்று நோட்டை நீட்டினாலும் வாங்க மாட்டார்கள்.

அதனால் இப்போது ஊர்த் திருவிழாவுக்குப் போனால், செருப்புக் குவியலோடு நிற்காமல், மைக்கில் வரிக்காரர் பேர் வாசிக்கும்போதும் காதைக் கொடுக்கிறேன். எந்தெந்தத் தெரு வரவில்லை என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், பெரும்பாலும் அவர் வாணவேடிக்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.