தண்ணீருக்கடியில் கிடந்த சர்வே எண்

வைகையில் கரைத் தகராறு வந்திக் கிழவியின் பங்குக் கரை அடைபடாமல் கிடந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. அன்று மண் சுமக்க வந்த கூலியாள் பிட்டைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். தொண்ணூறுகளில் மதுரை முன்சீப் கோர்ட்டில் நான் வாதிக்காக நின்ற வழக்கில் அப்படிப்பட்ட தெய்வ சாட்சி யாரும் வரவில்லை. சர்வேயர்தான் வந்தார்.

சோழவந்தானுக்குக் கிழக்கே ஆறு வளைந்து திரும்பும் ஓர் ஊர். வளைவின் வெளிக்கரையில் தண்ணீர் வேகமெடுத்து அடிமண்ணைப் பறிக்கும். மேல்மண் தானே சரியும். உள்கரையில் ஓட்டம் தளர்ந்து, சுமந்து வந்த மணலை இறக்கிவிட்டுப் போகும். இப்படி வெள்ளத்துக்கு வெள்ளம் ஆறே ஒரு பக்கமாக நகரும். என் கட்சிக்காரர் வெளிக்கரைக்காரர். அவருடைய பட்டா நிலத்தில் ஒரு துண்டு ஆற்றுக்குள் போய்விட்டது. ஆறு மேலும் விலகியதும் அதே இடத்தில் மணல்திட்டு எழுந்தது, ஆனால் எதிர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு. எதிர்க்கரைக்காரர் அதில் தென்னம்பிள்ளை நட்டார். வழக்கு வந்தது.

அவர் சொன்னது: என் கரையில் சேர்ந்த மண் எனக்கு. அரசுத் தரப்பு சொன்னது: 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆற்றுப் படுகை புறம்போக்கு. நான் பிடித்துக்கொண்டது 1870-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த லோபஸ் வழக்கை. கங்கை விழுங்கிய நிலம் பழைய இடத்திலேயே மீண்டும் எழுந்து, இடம் இன்னதென்று அடையாளம் காட்ட முடிந்தால், பழைய உடைமையாளருக்கே உரியது. அவர் அதைக் கைவிட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

1959-இல் வைகை அணை வந்தபின் ஆறு அடங்கிவிட்டது, இனி எங்கே நகரும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அணை மணலையும் தடுத்து வைத்துக்கொள்கிறது. மதகு திறந்ததும் மணல் குறைந்து வரும் தண்ணீர் கரையைத்தான் பறிக்கும். கடலிலும் கணக்கு இதேதான். அலை சாய்வாக அடித்துக் கரையோரமாக மணலை நகர்த்துகிறது. குறுக்கே கல்லைப் போட்டால் ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கத்துக் கரை தேய்ந்தது. தூண்டில் வளைவு கேட்டு மனு போடும் கடலோர ஊர்க்காரர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுவேன்.

கைவிடவில்லை என்று காட்ட என் கட்சிக்காரர் ஒரு மஞ்சள் பை நிறைய தீர்வை ரசீது கொண்டுவந்தார். கர்ணம் காலத்து ரசீதும் அதில் இருந்தது. குறுக்கு விசாரணையில், "தண்ணிக்குள்ள போன நிலத்துக்கு எதுக்கய்யா தீர்வை கட்டுனீங்க?" என்று கேட்டார்கள்.

"நிலம் எங்கய்யா போச்சு? அங்கனதான் கிடக்கு. மேல தண்ணி நிக்குது."

நான் வாதிட்டதில் பாதியை அந்த ஒரு பதில் செய்துவிட்டது.

பங்குனியில் கோர்ட் நியமித்த வழக்கறிஞர் ஆணையர், சர்வேயரோடு வந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. வாதியின் தோட்டத்துப் பின்பக்கத்தில் மிஞ்சியிருந்த இரண்டு எல்லைக்கற்களிலிருந்து, புல வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, சுடுமணலில் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனார்கள். அடித்த முளைக்குச்சி வரிசை தென்னம்பிள்ளைகளுக்கு நடுவே போயிற்று: இரண்டு வரிசை ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம்.

பழைய சர்வே எண்ணுக்குள் விழுந்த அந்த இரண்டு வரிசை நிலம் வாதிக்கு. மீதி பழைய ஆற்றுப் படுகை என்பதால் புறம்போக்கு. எதிர்க்கரைக்காரருக்கு ஒன்றுமில்லை. இனி தன் நிலத்துக்குப் போக வாதிதான் ஆற்றைக் கடக்க வேண்டும். மேல்முறையீடு யாரும் செய்யவில்லை.