ஒரு அங்குலக் கம்பி

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு கம்பெனி மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியது. பார்வைக்கு ரேஸ் கார்; அடியில் இருந்ததோ ஃபால்கன் என்ற சாதாரண குடும்பக் காரின் பாகங்கள். வளைவில் வேகமாகத் திருப்பினால் படகு மாதிரி ஒருக்களித்துச் சாயும். சாய்வைத் தடுக்க முன்பக்கம் இருக்கும் 'ஸ்வே பார்' கம்பி, 1965 சாதா மாடலில் சுமார் 0.69 அங்குல விட்டம்தான். அதே ஆண்டு கரோல் ஷெல்பி மாற்றியமைத்த ஜி.டி.350-இல் அது 1 அங்குலம். பழைய மஸ்டாங்கை வாங்கிப் பழுது பார்ப்பவர்கள் பலர் இன்றும் தேடிப் போடுவது இந்தத் தடித்த கம்பியைத்தான்.

0.31 அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். விட்டம் ஒன்றரை மடங்குகூடக் கூடவில்லை, விறைப்போ நான்கு மடங்குக்கும் மேல்! (கூட்டு வட்டி தோற்றது.)

கம்பியின் நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் சேஸிஸோடு பிடித்துக்கொள்ளும். இரண்டு முனைகளும் நீண்ட லிங்க் போல்ட்டுகள் வழியாகச் சக்கரங்களின் கீழ்க் கைகளோடு சேரும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பிக்கு வேலை இல்லை. ஒன்று மட்டும் ஏறினால் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும்.

மாற்றுவது கஷ்டமில்லை, கழற்றுவதுதான் கஷ்டம். அறுபது வருஷத் துருவில் லிங்க் போல்ட் நட்டோடு ஒட்டிப்போயிருக்கும். முதல் நாளே துரு எண்ணெய் ஊற்றி வைப்பது நல்லது. அப்படியும் அசையவில்லையா? ஆக்ஸா பிளேடுதான் கதி. எப்படியும் புது லிங்க் போடத்தானே போகிறார்கள்... அவசரப்பட்டு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குபவர்கள் உண்டு. அப்போது கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும். நட்டைக் கழற்றியதும் விருட்டென்று அடிக்கும், விரல் போய்விடலாம். இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகே அடியில் படுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பவே கூடாது.

பழைய புஷ் தடித்த கம்பிக்குச் சேராது; புஷ்ஷும் கிளாம்ப்பும் புதிதாகவே வேண்டும். ரப்பர் புஷ்ஷில் சாதா கிரீஸ் பட்டால் ஊறிக் கெட்டுப்போகும். பாலியூரித்தேன் புஷ் என்றால் சிலிகான் கிரீஸ் தடவாவிட்டால் கிரீச் கிரீச்தான்! லிங்க் நட்டை ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை முறுக்கினால் போதும்.

சரி, சாய்வு குறைந்தால் பிடிமானம் கூடிவிடுமா? அதுதான் பலரும் ஏமாறும் இடம். வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடை கம்பியால் குறையாது. முன் கணக்கில் எவ்வளவு, பின் கணக்கில் எவ்வளவு என்ற பற்றுவரவுதான் மாறும். முன்கம்பியைத் தடிமனாக்கினால் முன்பக்கத்துக்குப் பாரம் கூடும். ஏற்கெனவே மூக்கு கனத்த கார், இன்னும் நேராகவே ஓடப் பார்க்கும். பிறகு ஷெல்பி ஏன் போட்டார்? இந்தக் கார் சாயும்போது முன் டயரும் கூடவே சாய்ந்து ஓரத்தில் நிற்கும். சாய்வு குறைந்தால் டயர் நிமிர்ந்து முழு அகலமும் ரோட்டில் பதியும். இந்த வரவு அந்தச் செலவைவிடப் பெரிது. ஆனால் அவர் கம்பியோடு நிற்கவில்லை, மேல் கைகளின் பொருத்துமிடத்தையும் இறக்கினார். கம்பியை மட்டும் மாற்றியவர்கள் முதல் மழைநாளில் வளைவுகளை மெதுவாகவே எடுப்பது உத்தமம்.