ஆணி அடிக்க அனுமதி உண்டு

வாடகை வீட்டில் குடியிருக்கும் சகோதரிகளே, உங்களை ஒரு கேள்வி கேட்கலாமா? சுவரில் நீங்கள் கடைசியாக ஆணி அடித்தது எப்போது? ஞாபகம் இல்லை, அல்லவா? எப்படி இருக்கும்! அட்வான்ஸை எண்ணி வாங்கிய கையோடு வீட்டுக்காரர்கள் சொல்லும் முதல் விதியே அதுதானே! "உங்கள் சொந்த வீடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மட்டும் ஆணி அடித்துவிடாதீர்கள்."

சென்னையில் எட்டு வருஷத்தில் நான்கு வீடு பார்த்துவிட்டவர்கள் நாங்கள். என் மகளுக்கும் வயது எட்டு. எந்த ஜன்னலில் காற்று வரும், எந்தக் கதவு முனகும் என்று அவளுக்குப் பழகுவதற்குள் வாசலில் லாரி வந்து நின்றுவிடும். சென்ற கோடை விடுமுறையில் மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அம்மா, இதிலே நான் ஒரு வீடு கட்டிக்கட்டுமா? யாரும் காலி பண்ணச் சொல்லாத வீடு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? "சரி" என்றேன். அந்த வீட்டைக் கட்டிய கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

பொம்மை வீடு என்றால் பணக்கார விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பணக்காரர்களுக்கும் ஒன்று உண்டு என்பது வாஸ்தவந்தான். புது டில்லி ராஷ்டிரபதி பவனுக்குப் படம் போட்டுக் கொடுத்த அதே லட்யன்ஸ், இங்கிலாந்தின் மேரி ராணிக்காக ஒரு பொம்மை வீட்டுக்கும் படம் போட்டுக் கொடுத்தார். 1921 முதல் 1924 வரை அந்த வேலை நடந்தது. 1,500 பேருக்கு மேல் கலைஞர்களும் தொழிலாளர்களும் அதற்குக் கை கொடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வரும், மின்சார விளக்கு எரியும், லிப்ட்கூட உண்டு! இன்றைக்கும் விண்ட்ஸர் கோட்டையில் அதைப் பார்க்கலாம். ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான். அங்கேயும் நாம் ஆணி அடிக்க முடியாது!

அந்த ராணி வீட்டிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை நாங்கள் கடன் வாங்கிக்கொண்டோம். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவு. அதைச் சொல்லிக் கொடுத்ததும் என் மகள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் அளக்கக் கிளம்பிவிட்டாள். ஏழடிக் கதவு ஏழு அங்குலமாயிற்று. ஆறடிக் கட்டில் ஆறு அங்குலமாயிற்று. பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டைக் கண்டால் கொட்டாவி விடுகிற பெண், விகிதக் கணக்கை வேர்க்க விறுவிறுக்கப் போட்டதைப் பார்க்க வேண்டுமே!

சாமான்களுக்குக் கடைக்குப் போகவில்லை. சுவருக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கவே இருக்கின்றன. அந்தக் கெட்டிக் காகிதமும் தங்கப் பூவும் வேறு எங்கே கிடைக்கும்? இங்கே ஒரு யுக்தி சொல்கிறேன். அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் காகிதம் ஒட்டினால், காய்ந்ததும் அட்டை வளைந்துகொள்ளும். மறு பக்கமும் ஒட்டிவிடுங்கள்; நிமிர்ந்து நிற்கும். மைதாப் பசை வேண்டாம், கரப்பான் பூச்சிகளுக்கு அது விருந்து. ஃபெவிகாலைப் பழைய ஏ.டி.எம். கார்டால் மெல்லியதாக இழுத்துவிட்டால் போதும்.

தரைக்குச் சிவப்புப் பத்திரிகை. அதன்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்தால், கிராமத்து வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரை போலவே மின்னும். ஜன்னல் கம்பிக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி. திரைச் சீலைக்கு ரவிக்கைத் துணியின் வெட்டுத் துண்டு. பாய்க்குக் கிழிந்த கோரைப்பாயின் மூலை. கூடத்து ஊஞ்சலுக்கு நான்கு ஐஸ் குச்சிகளும், சங்கிலி சங்கிலியாகக் கோத்த காகிதக் கிளிப்புகளும். பற்பசைக் குழாயின் மூடி தண்ணீர் அண்டாவாயிற்று. ஒட்டுப் பொட்டு மின்சார ஸ்விட்சாயிற்று. சட்டைப் பித்தான்கள் சாப்பாட்டுத் தட்டுகளாயின. "என் நீலச் சட்டையில் இரண்டு பித்தானைக் காணோமே?" என்று என் கணவர் கேட்டபோது, அந்த இரண்டு தட்டுகளிலும் பொம்மைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

மேஜைக்குத் தீப்பெட்டியைப் போல் உத்தமமான பொருள் இல்லை. அரை அங்குலக் கனமுள்ள பெட்டிகளை ஐந்து ஐந்தாக இரண்டு தூண் அடுக்கி, மேலே ஓர் அட்டையை ஒட்டுங்கள். இரண்டரை அங்குல உயரத்தில், பத்து டிராயர் வைத்த எழுத்து மேஜை தயார். ஒவ்வொரு டிராயரிலும் ஒரு பாசிமணியைத் தைத்துவிட்டால் இழுக்கப் பிடி. கத்தி பிடிக்கும் வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மணியும் பித்தானும் அதன் வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது கைவேலை. இனிச் சொல்வதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எங்களோடு இருக்கும் என் மாமியாரிடம் மாமனாரின் பெரிய படம் ஒன்று உண்டு. நான்கு வீடுகளிலும் அந்தப் படம் அலமாரியின் மேல் சாய்ந்தபடியேதான் இருந்திருக்கிறது. தினம் எடுத்துத் துடைப்பார். மறுபடி சாய்த்து வைப்பார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வாடகை வீட்டின் விதி அவருக்கும் தெரியுமே!

வீடு ஏறக்குறைய முடிந்த ஒரு மாலை, என் மகள் தாத்தாவின் பாஸ்போர்ட் அளவு புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்தாள். ஒன்றே முக்கால் அங்குல உயரம். அவள் கணக்கில் ஒன்றே முக்கால் அடி. ஜரிகைத் துண்டை நாலு பக்கமும் ஒட்டிச் சட்டம் போட்டாள். பிறகு பாட்டியிடம் போய், "பாட்டி, தாத்தாவை எந்தச் சுவரில் மாட்டணும்?" என்று கேட்டாள்.

மாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து அந்த வீட்டை வெகு நேரம் பார்த்தார். "கூடத்திலே. உள்ளே வந்ததும் தெரியணும்" என்றார்.

"நீங்களே ஆணி அடிங்க பாட்டி. இந்த வீட்டுக்காரி நான்தான். ஒண்ணும் சொல்ல மாட்டேன்!"

குண்டூசியை வாங்கி மெதுவாக அழுத்தினார். படத்தை மாட்டினார். சற்றுத் தள்ளி இருந்து பார்த்துவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று ஒரு விரலால் நிமிர்த்தினார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அந்தப் படத்தின் மேல் ஒரே ஒரு மல்லிகை மொட்டு இருந்தது.

அட்டை வீடு குழந்தைக்குத்தான் என்று நான் எண்ணியிருந்தேன். தன் இஷ்டப்படி ஒரு சுவர் வேண்டும் என்ற ஆசை எட்டு வயதுக்கும் உண்டு, எழுபத்திரண்டு வயதுக்கும் உண்டு. அதை வாய்விட்டுக் கேட்கக் குழந்தைக்குத் தெரிகிறது. பெரியவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ பெட்டியும் கத்தரிக்கோலுமாக வந்து நின்றால், "குப்பை போடாதே" என்று விரட்டாதீர்கள். அடுப்பங்கரையை வாசலில் வைத்தாலும் வைக்கட்டும். கோணலான கதவை நீங்கள் போய் நிமிர்த்தாதீர்கள். அது அவர்கள் வீடு.

வருகிற ஆவணியில் எங்களுக்கு ஐந்தாவது வீடு. அந்தப் பேச்சு வந்தபோது இந்தத் தடவை என் மகள் முகம் சுருங்கவில்லை. "நம்ம வீட்டை லாரியிலே ஏத்த வேண்டாம், என் மடியிலே வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பாட்டியோ அந்த வீட்டுக்கு ஒரு துளசி மாடம் கட்ட இன்னும் இரண்டு தீப்பெட்டி வேண்டும் என்கிறார்.

நீங்களும் தொடங்குவதானால் இன்றைக்கே தொடங்குங்கள். அதற்குள் பழைய பேப்பர்காரர் வந்து குரல் கொடுத்தால், கல்யாணப் பத்திரிகைகளை மட்டும் எடையில் போட்டுவிடாதீர்கள்!