வெளியூர் மூலை

லூட்டன் நகரத்தில் ஓக் ரோட் என்றொரு தெரு. ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடுகள். அந்த வீட்டு வரிசைக்கு நடுவே, ஒரு வீட்டின் கீழ்த்தளத்தைக் குடைந்தெடுத்தாற்போல ஒரு வாசல். அதற்குள் நுழைந்து படியேறினால் இரண்டு பக்கமும் வீடுகளின் பின்வளவு தெரியும். கொடியில் காயும் உடுப்பு, யாரோ விட்டுவைத்த வாளி. படி முடிகிற இடத்தில் பச்சைத் திடல். கெனில்வர்த் ரோட் மைதானத்துக்கு வெளியூர் ரசிகர்கள் போகும் வழி இதுதான்.

2023இல் லூட்டன் டவுன் முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் பிரிவுக்கு ஏறியபோது இந்த வாசலின் படம் எல்லார் கையிலும் வந்தது. அப்போது மகனுக்குப் பதினான்கு வயது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அப்பா, எங்கட ஆக்கள் அங்க விளையாடேக்க இந்தப் படியில ஏறோணும்."

"அதுக்கென்ன, போவம்" என்றேன். சென் பாங்கிராஸில் ரயில் ஏறினால் அரை மணி நேரம். ஈஸ்ட் ஹாமிலிருந்து வெம்பிளியிலுள்ள அக்கா வீட்டுக்குப் போவதைவிடக் கிட்ட.

இருவருக்கும் எங்கள் கிளப்பில் சீசன் டிக்கெட் இருந்தது. உள்ளூர் ஆட்டம் ஒன்றையும் விடுவதில்லை. அதுவே போதுமென்று நினைத்திருந்தேன்.

பிரிமியர் லீக் விதி, கேட்கும்போது தாராளமாகத்தான் இருக்கும். வந்து விளையாடும் அணியின் ரசிகர்களுக்கு 3,000 டிக்கெட் கொடுக்க வேண்டும். மைதானம் சிறிதென்றால் மொத்த இருக்கைகளில் பத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய 74,000 பேர் கொள்ளும் ஓல்ட் டிராஃபோர்டுக்கும் அந்த 3,000தான் கணக்கு. 12,000 பேரளவில் மட்டும் கொள்ளும் லூட்டனில் ஆயிரத்துச் சொச்சம். லண்டனின் பெரிய கிளப் ஒன்றில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் மட்டுமே பல பத்தாயிரம் பேர். அவர்களில் எந்த ஆயிரம் பேர் போவது?

இதற்குக் கிளப்கள் கண்ட வழிதான் புள்ளி. வெளியூர் ஆட்டமொன்றுக்கு டிக்கெட் வாங்கினால் உங்கள் பெயரில் புள்ளி ஏறும். அடுத்த ஆட்டத்துக்கு விற்பனை தொடங்கும்போது புள்ளி கூடியவர்களுக்கு முதல் நாள், அவர்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மறுநாள் என்று படிப்படியாக இறங்கி வரும். பெரிய ஆட்டமென்றால் கீழ்ப்படிக்கு வருமுன்பே எல்லாம் தீர்ந்துவிடும். வெளியூர் போனால்தான் புள்ளி கிடைக்கும், புள்ளி இருந்தால்தான் வெளியூர் போகலாம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்று எங்கள் ஊரில் சொல்வது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

லூட்டன் ஆட்டத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விற்பனை தொடங்கியது. முதல் நாள் 70 புள்ளிக்கு மேலே. புதன்கிழமை 65. எங்கள் இருவரிடமும் அவ்வளவு எங்கே? வியாழன் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறக்க முன் போனைத் திறந்தேன். விற்று முடிந்தது என்று ஒரே ஒரு வரி இருந்தது. பின்னேரம் மகனிடம் சொன்னபோது, "பரவாயில்லையப்பா" என்றான். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. இங்கிலாந்தில் உதைபந்தாட்ட டிக்கெட்டை அனுமதியில்லாமல் விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரு தரப்பு ரசிகர்களும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சட்டம் வந்தது. ஆனாலும் இணையத்தில் விற்பவர்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள், விலை பல மடங்கு. இன்னொரு வழி, உள்ளூர் ரசிகர்களுக்கான பக்கத்தில் எப்படியாவது ஓர் இருக்கை பிடித்து வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது. என் சிநேகிதர் ஒருவர் அப்படிப் போனார். எங்கள் அணி கோல் அடித்தபோது இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு இருந்தாராம். எழும்பிக் கத்தியிருந்தால் காவலர்கள் வெளியே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். கோல் விழும்போது எழும்பாமல் இருக்க ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த காலத்தில் வெளியூர் ஆட்டம் என்றால் மாமாவின் சைக்கிள் பாரில் இருந்து போவது. நாவாந்துறை, பாசையூர், இளவாலை என்று உதைபந்தாட்டத்தை மூச்சாகக் கொண்ட ஊர்கள். டிக்கெட் கிடையாது, கோட்டுக்கு வெளியே எங்கே இடமிருக்கிறதோ அங்கே நிற்பதுதான். மற்ற ஊர்க்காரனின் வளவுக்குள் நின்று நம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தும்போது நெஞ்சுக்குள் பயமும் பெருமையும் ஒன்றாக எழும்பும். அது சொந்த ஊர்த் திடலில் ஒருநாளும் வந்ததில்லை. மகனுக்கு நான் கொடுக்க நினைத்தது அதைத்தான்.

என்னோடு இரவு வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயப் பெரியவர் எங்கள் கிளப்புக்காக நாற்பது வருடத்துக்கு மேலாக ஊர் ஊராகப் போனவர். அணி இரண்டாம் பிரிவில் கிடந்து தோற்றுக்கொண்டிருந்த காலத்திலும் மழையில் நின்றவர். லூட்டன் கதையை அவரிடம் சொன்னபோது வேறொரு லூட்டனைப் பற்றிச் சொன்னார். 1985 மார்ச்சில் அங்கே நடந்த எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் மில்வோல் ரசிகர்கள் பெருங்கலவரம் செய்தார்கள். அதன் பின்னர் 1986இலிருந்து நான்கு பருவங்களுக்கு லூட்டன் கிளப் வெளியூர் ரசிகர்களையே உள்ளே விடவில்லை. அந்த முடிவுக்காக லீக் கோப்பையிலிருந்து அவர்களை விலக்கியும் வைத்தார்கள், அப்போதும் அசையவில்லை. அந்தக் காலத்தில் வெளியூர் ரசிகன் என்றால் அடைத்துவைக்க வேண்டிய ஆள் என்றுதான் நாடே நினைத்தது. மைதானங்களில் முன்னுக்கு இரும்புக் கம்பி வேலி. 1989 ஏப்ரல் 15இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில், அரையிறுதி பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்கள் அந்த வேலிக்குள் நெரிபட்டு 97 பேர் இறந்தார்கள். பெரியவர் இதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தங்கள் அணியைப் பார்க்க வேறோர் ஊருக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் வேலிகள் போயின, பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் படிகள் போய் இருக்கைகள் வந்தன.

இருக்கைகளோடு விலையும் வந்தது. 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு ஒரு டிக்கெட் 62 பவுண்ட். அவர்களுக்குக் கொடுத்த 3,000இல் 912 டிக்கெட் விற்காமல் திரும்பிப் போயிற்று. சிட்டி வென்றது. ஆட்டம் முடிந்ததும் துணை நடுவர் ஜோன் புரூக்ஸ் சிட்டி வீரர்களைப் பார்த்து, அங்கே இருப்பவர்கள் 62 பவுண்ட் கொடுத்து வந்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகிவிட்டது. அவருடைய அடுத்த ஆட்டத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை. மைதானத்தில் நின்ற அதிகாரிகளில், வெளியூர் ரசிகர்களை வைக்கும் அந்த மூலையில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொன்னவர் அவர்தான்.

இருபது பவுண்ட் போதும் என்ற முழக்கத்தோடு எல்லாக் கிளப் ரசிகர்களும் சேர்ந்து போராடினார்கள். 2016 பெப்ரவரியில் லிவர்பூல் ரசிகர்கள் தங்கள் சொந்த மைதானத்தில் 77 பவுண்ட் டிக்கெட்டை எதிர்த்து, 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழும்பி வெளியே நடந்தார்கள். அடுத்த மாதம் பிரிமியர் லீக்கின் இருபது கிளப்களும் சேர்ந்து வெளியூர் டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று முடிவெடுத்தன. 2016-17 பருவத்தில் தொடங்கிய அந்த உச்சவரம்பைப் பிறகும் நீட்டித்து வருகிறார்கள். கோடிக்கணக்கில் தொலைக்காட்சிப் பணம் புரளும் இந்த விளையாட்டில் சாதாரணச் சனம் போராடி வென்ற வெற்றி அது. விலை கைக்கு எட்டியதும் கேட்பவர்கள் கூடினார்கள். இருக்கை கூடவில்லை.

புள்ளி முறையைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. பெரியவர் நாற்பது வருடம் மழையில் நின்று சேர்த்ததை நேற்று வந்த நான் பங்கு கேட்க முடியாது. என் கோபமெல்லாம் போகாமலே புள்ளி சேர்ப்பவர்கள் மேல்தான். டிக்கெட்டைத் தன் பெயரில் வாங்கி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பார்கள். புள்ளி மட்டும் அவர்கள் கணக்கில் ஏறும். வருடக்கணக்காக இப்படி நடக்கிறது. அதனால்தான் சில கிளப்கள் ஆட்டத்தன்று மைதான வாசலில் அடையாள அட்டை காட்டி டிக்கெட்டை வாங்கச் சொல்கின்றன. அது நல்லது. ஒரு பகுதியைக் குலுக்கலுக்கு விடுகிற கிளப்களும் உண்டு, அதுவும் நல்லது. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு நூறு இருக்கையாவது இளம் பிள்ளைகளுக்கென்று, புள்ளி பாராமல், எல்லாக் கிளப்பும் ஒதுக்க வேண்டும். அந்த மூலையில் பாடுகிறவர்களின் தலைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள், நரைத்தவைதான் அதிகம். அந்தப் பாட்டுகள் எந்தத் தாளிலும் எழுதியிருப்பவை அல்ல. பக்கத்தில் நிற்பவனிடமிருந்து காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த மூலையே இல்லாமல் போன இடங்களும் உண்டு. ஆர்ஜென்டீனாவில் 2013இல் ஒரு ரசிகர் கொல்லப்பட்ட பிறகு லீக் ஆட்டங்களுக்கு வெளியூர் ரசிகர்களைத் தடைசெய்தார்கள். கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் மோதும்போது முன்பு ஏழாயிரம் பேரளவில் எதிர்ப்பக்கத்தில் இருப்பார்கள். 2018இல் அது 800 ஆயிற்று, பிறகு சில ஆட்டங்களில் ஒருவரும் இல்லை. தொலைக்காட்சியில் அப்படியொரு ஆட்டம் பார்த்தேன். வந்த அணி கோல் அடித்தது, பதினொரு பேர் மட்டும் கத்தினார்கள்.

பெரியவர்தான் வழியும் சொன்னார். ஒருவரும் போக விரும்பாத ஊருக்கு, ஒருவரும் போக முடியாத நாளில் போ. தொலைக்காட்சிக்காக ஆட்டங்களை வார நாள் இரவுக்கு மாற்றும்போது தூரத்து ஊர்களின் டிக்கெட் கீழ்ப்படி வரை இறங்கி வரும். ஆட்டம் முடிந்தால் லண்டனுக்கு ரயில் இருக்காது. வேலைக்குப் போகிறவர்கள் கையைப் பிசைவார்கள். உன்னைப் போன்றவர்களுக்கு அதுதான் கதவு.

அடுத்த பருவத்தில் அந்தக் கதவு நியூகாசிலில் திறந்தது. ஒரு வார நாள் இரவு ஆட்டம். நான் இரண்டு நாள் லீவு எடுத்தேன், மகனின் பள்ளிக்கூடத்துக்கும் உண்மையைச் சொல்லி அனுமதி கேட்டேன். ரசிகர்களின் கோச்சில் மத்தியானத்துக்கு முன்பே புறப்பட்டோம். மனைவி புட்டும் சம்பலும் கட்டித் தந்திருந்தா. பக்கத்து இருக்கைக்காரர் வாசத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். மகன் தன் பங்கிலிருந்து கொஞ்சம் கொடுத்தான். அவருக்கு உறைத்தது, ஆனாலும் முடித்துவிட்டுத்தான் தண்ணீர் கேட்டார்.

சென் ஜேம்ஸ் பார்க் ஊருக்கு நடுவில், மேட்டில் நிற்கிறது. அங்கே வெளியூர் ரசிகர்களை லீஸஸ் பக்கத்தின் உச்சியில் வைக்கிறார்கள். பதினான்கு அடுக்குப் படி. ஐந்தாவது அடுக்கில் என் முழங்கால் முறையிடத் தொடங்கியது. ஆனால் அந்தப் படிக்கட்டு முழுவதும் எங்கள் ஆட்கள். முன்னுக்குப் போகிறவன் ஒரு வரி பாட, பின்னுக்கு வருகிறவர்கள் மறுவரி பாட, சுவரில் பட்டு அது திரும்பி வந்தது. மகன் முதலில் உதட்டை மட்டும் அசைத்தான். பத்தாவது அடுக்கில் அவன் குரல் எனக்குக் கேட்டது. உடைந்துகொண்டிருந்த பதினைந்து வயதுக் குரல்.

மேலே போய் நின்றால் திடல் ஒரு கைக்குட்டை அளவு. வீரர்களின் முகம் தெரியாது, நடையை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். தோற்றோம். கடைசிப் பத்து நிமிடம் பாட்டு நிற்கவே இல்லை. ஊதல் ஒலித்த பிறகு எங்கள் வீரர்கள் அந்த மூலைக்கு நடந்து வந்தார்கள். அவ்வளவு உயரத்தில் நிற்பவர்களைப் பார்க்க அவர்கள் கழுத்தை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார்கள். "எங்களைத்தான் பாக்கினம், அப்பா" என்று மகன் என் கையைப் பிடித்தான். சின்ன வயதில் தெருவைக் கடக்கப் பிடித்ததற்குப் பிறகு அவன் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

லூட்டன் அதற்கு முன்பே, 2024இல், கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது. பவர் கோர்ட் என்ற இடத்தில் புது மைதானம் கட்டிப் போகும் திட்டத்தில் இருக்கிறார்கள். ஓக் ரோட் படியில் மகன் ஏறவில்லை. இனி ஏறுவானோ தெரியாது.

திரும்பி வரும்போது இரவு இரண்டு மணியளவில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கோச்சை நிறுத்தினார்கள். எல்லாரும் நித்திரை. மகன் மட்டும் போன் வெளிச்சத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"பாயிண்ட்ஸ் ஏறிட்டுது. எட்டு."

"அடுத்ததுக்கு எத்தனை வேணும்?"

"வூல்வர்ஹாம்ப்டன், செவ்வாய்க்கிழமை இரவு." விரலால் திரையைத் தள்ளினான். "போன வருசம் இருபதில முடிஞ்சதாம். ஆனா மழை எண்டால் குறையும்."

டிக்கெட்டை ரசாயனப் புத்தகத்துக்குள் வைத்து மூடி, புத்தகத்தைப் பைக்குள் வைத்தான். கோச் மறுபடியும் புறப்பட்டது. லண்டனுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.